சவுனாக் கதவும் என் அந்தரமும்

வெக்கையை விற்கிற தொழிலில் முதல் பாடம் கதவைத் திறக்காதே என்பதுதான். அந்த ஒரு பாடம்தான் எனக்கு ஏறவே இல்லை.

அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி ஓடி வந்தவர்கள், பூட்டிய பூட்டை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தவர்கள், பிள்ளை வீடு வந்து சேரும் வரை யன்னலை விட்டு நகராதவர்கள் எல்லாரும் என் இனம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் இந்த வியாதிக்கு அந்தரம் என்று பெயர். மருந்து இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

என் வேலைத்தலம் நோர்வேயில், ஒஸ்லோத் துறைமுகத்தில் மிதக்கும் ஒரு சவுனா, அதாவது இருந்து வேர்ப்பதற்கென்றே கட்டிய ஒரு மர அறை. உள்ளே ஒரு விறகடுப்பு, அதன்மேல் கற்கள், படிபடியாகப் பலகைகள். ஒரு சங்கம் நடத்துகிறது. கட்டணம் குறைவு. இந்த நகரத்தில் ஒரு கோப்பியின் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட பயணிகள், முதுகுப் பையோடு நேராக இங்கே வந்துவிடுவார்கள். முன்பின் தெரியாதவர்கள் தோளோடு தோள் முட்ட இருந்து வேர்ப்பார்கள். பிறகு வெளியே ஓடி, ஏணியால் கடலில் இறங்கி, கத்திக்கொண்டு திரும்பி வருவார்கள். காசு கொடுத்து அவிந்து, அதே காசில் விறைக்கவும் செய்யலாம்.

அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து விறகு வைப்பதும், கல்லில் தண்ணீர் ஊற்றுவதும், ஒருவருக்கும் தலை சுற்றாமல் பார்ப்பதும் என் வேலை. சிக்கல் எங்கே என்றால், உள்ளே இருக்கிற பெரிய யன்னல் கடலைப் பார்க்கிறது. ஏணியோ அறையின் பக்கவாட்டில் இருக்கிறது. வெளியே போனவர் தண்ணீரில் இருக்கிறாரா, கரையேறிவிட்டாரா என்று என் இடத்திலிருந்து தெரியாது. ஆகவே கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பேன். மூடுவேன். மனம் கேட்காது. மறுபடியும் திறப்பேன்.

பஸ் சாரதிக்கு ஒரு புத்திமதி

இதற்கு முன் நான் பஸ் ஓடினவன். ஒஸ்லோவின் ரொம்சோஸ் மேட்டில் ஏறி இறங்கியே பல வருடம் போனது. பிறகு முதுகில் சத்திரசிகிச்சை நடந்து, நெடுநேரம் ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஒரு வருடம் வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்று சொல்வது பொய். அலுமாரியை இடம் மாற்றினேன், மாற்றிய அலுமாரியைத் திரும்பவும் பழைய இடத்தில் வைத்தேன், மனைவி வாணி சமைக்கும்போது ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தேன். "நாய்க்கு வேலையுமில்லை, நிக்க நேரமுமில்லை எண்டு உங்களைப் பாத்துத்தான் சொல்லியிருக்கினம்" என்பாள். கடைசியில் அவளே இந்த வேலையைத் தேடிப்பிடித்து என்னை அனுப்பினாள். அனுப்பும்போது சிரிக்காமல் ஒன்று சொன்னாள்: "இதையும் விட்டுப்போட்டு வீட்டை வந்தால், பிறகு நான் தான் வெளிக்கிட வேணும்."

சித்திரையில் சேர்ந்தேன். ஆறு மாதம் பரீட்சார்த்தம், அதன் பிறகே நிரந்தரம். ஐம்பத்தைந்தை நெருங்கும் ஒருவனுக்கு, முதுகும் பழுதான பிறகு, இன்னொரு வேலை யார் தருவார்? அந்த வீட்டுச் சுவர்களுக்கு நடுவில் இன்னொரு வருடம் என்று நினைக்கவே முடியவில்லை. வைகாசி முடிவதற்குள் பொறுப்பாளர் இங்கெர் என்னைத் தனியே கூப்பிட்டார். குட்டைத் தலைமுடி, உரத்துப் பேசாத பெண். கதவு அடிக்கடி திறக்கிறது, சூடு போகிறது, ஆறுதலாக இருக்க முடியவில்லை என்று ஒருவர் முறைப்பாடு செய்திருக்கிறாராம். யார் என்று சொல்லவில்லை. இப்படியே போனால் நிரந்தரம் தருவது கஷ்டம் என்பதை மட்டும் தெளிவாகச் சொன்னார். பிறகு என் முகம் போன போக்கைப் பார்த்து, கொஞ்சம் இளகினார்.

"சிவா, நீர் இப்போது பஸ் ஓடவில்லை. தரிப்புக்குத் தரிப்பு கதவு திறக்கத் தேவையில்லை."

சனி முழுக்கு

ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கியிருக்கிற என் நண்பன் குகனுடைய மாமனார், நடராசா ஐயா, ஆனி மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். "சனிக்கிழமை ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன் மாமா. வேர்க்க வேர்க்க இருந்துபோட்டுத் தண்ணியிலை முழுகலாம்" என்று குகன் சொல்லியிருக்கிறான். சனிக்கிழமை, வேர்வை, முழுக்கு. மூன்றையும் சேர்த்து யோசித்தால் எந்த யாழ்ப்பாணத்து ஆண்மகனும் ஒரு முடிவுக்குத்தான் வருவான். ஐயா வீட்டிலேயே உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் பூசி, மேலே ஒரு பழைய சேட்டும் சாரமும் உடுத்து, சீயாக்காய்த் தூளை ஒரு பையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். குகன் அவரை வாசலில் இறக்கிவிட்டுக் கார் நிறுத்த இடம் தேடிப் போனான்.

நான் விறகு எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் ஐயா உடுப்பு மாற்றி, மேல் பலகையில் ஏறிவிட்டார். ஏறிய வேகத்திலேயே ஒரு தட்டு வழுக்கி, நடுப் பலகையில் இருந்த இரண்டு ஜேர்மன் பெண்களுக்கு நடுவில் வந்து அமர்ந்தார். அமர்ந்தவர் ஒன்றும் நடக்காததுபோலத் தொடையைத் தட்டி எண்ணெயை ஊறவிட்டுக்கொண்டிருந்தார். அறை முழுக்க எள் வாசம். எனக்கோ உயிர் போய் உயிர் வந்தது. மரப்பலகை எண்ணெய் குடித்தால் மாதக்கணக்கில் கறை போகாது, இனி யார் யார் முறைப்பாடு செய்யப் போகிறார்களோ என்று கதவைத் திறந்து திறந்து வாசத்தை வெளியே அனுப்பினேன். ஜேர்மன் பெண்கள் முறைப்பாடு செய்யவில்லை. இந்த எண்ணெய் எந்தக் கடையில் கிடைக்கும் என்று என்னிடம் விசாரித்தார்கள். ஐயாதான் முகம் சுளித்துக்கொண்டு, பையைத் தூக்கிக் காட்டினார்.

"தம்பி, இவ்வளவு விறகை எரிக்கிறியள், சீயாக்காய் கரைக்க ஒரு வாளி சுடுதண்ணி இல்லையோ?"

சாப்பாட்டுப் பந்தயம்

ஜேர்மனியில் கணினி வேலை செய்கிற மூன்று இளைஞர்கள் ஒரு வார இறுதிக்குச் சுற்றுலா வந்தார்கள். சென்னைப் பொடியங்கள். நான் "தண்ணி குடிச்சனீங்களோ?" என்று கேட்டதும் மூவருக்கும் ஒரே சந்தோஷம். "அண்ணா, நீங்க பேசறது செம்மயா இருக்குண்ணா, இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றார்கள். என் தமிழை நன்றாக ரசித்தார்கள். நான் சொன்னதைத்தான் ஒருவரும் கேட்கவில்லை.

நேரே மேல் பலகையில் ஏறி, வரிசையாக இருந்தார்கள். முதலில் எழும்பி வெளியே போகிறவன் மற்ற இருவருக்கும் இரவுச் சாப்பாடு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று பந்தயம். வேறு ஊர் என்றால் யாராவது ஒருவன் தோற்றிருப்பான். ஒஸ்லோவில் மூன்று பேருக்குச் சாப்பாடு என்றால் உயிர் போனாலும் எழும்ப மாட்டான். முகங்கள் தக்காளியாகிவிட்டன. ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தான். இன்னொருவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஆடினான். நான் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினேன். இறங்கச் சொன்னேன், கெஞ்சினேன், கடைசியில் வெருட்டினேன். "ரெண்டே நிமிஷம்ணா" என்றார்கள். முறைப்பாடாவது மண்ணாவது என்று கதவை விரியத் திறந்து, என் முதுகை அதற்கு முண்டு கொடுத்துக்கொண்டு நின்றேன். குளிர்காற்று உள்ளே அடித்தது. மற்ற வாடிக்கையாளர்கள் என்னைப் பார்த்த பார்வையில் கல் அடுப்பே ஆறியிருக்கும். மூவரும் ஒன்றாக எழும்பி, ஒன்றாகக் கடலில் குதித்தார்கள். உயிரோடு திரும்பி வந்த பிறகும் ஒருவனுக்கு என் மேல் மனக்குறை.

"என்னண்ணா நீங்க, கடைசி ஓவர்ல வந்து மேட்ச்ச டிரா பண்ணிட்டீங்க!"

தனியே மிதந்த தொப்பி

எங்கள் நிரந்தர வாடிக்கையாளர்களில் முக்கியமானவர் ஒட்வார். எழுபது தாண்டியவர், தனிக்கட்டை. மழையோ பனியோ, காலை முதல் சுற்றுக்கு வந்துவிடுவார். சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி ஒன்று எப்போதும் தலையில் இருக்கும், கடலில் இறங்கும்போதும் கழற்ற மாட்டார். பேச மாட்டார். எங்கள் ஆட்கள் என்றால் முதல் சந்திப்பிலேயே ஊர், பிள்ளைகள், சம்பளம், சுகர் எல்லாம் கேட்டு முடித்துவிடுவோம். அவரிடம் நான் "பிள்ளைகள் இருக்கிறார்களா?" என்று கேட்டதற்கு, கல்லைக் காட்டித் தண்ணீர் ஊற்றச் சொன்னார்.

ஒரு நாள் காலையில் ஒட்வார் வெளியே போனார். ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு நான் பல்லைக் கடித்துக்கொண்டு கதவைத் திறக்காமல் இருந்தேன். இருப்புக் கொள்ளவில்லை. விறகை அடுக்கினேன், அடுக்கியதைக் கலைத்தேன், பிறகு பொறுக்க மாட்டாமல் மறுபடியும் திறந்து பார்த்தேன். ஏணியடியில் ஆளைக் காணவில்லை. அந்தத் தொப்பி மட்டும் தண்ணீரில் தனியே மிதந்துகொண்டிருந்தது. எனக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தைரியமும் போய்விட்டது. பலகைப் பாலத்தில் குப்புற விழுந்து, கொக்கித் தடியால் தண்ணீரைத் துழாவி, "ஒட்வார்! ஒட்வார்!" என்று துறைமுகம் முழுக்கக் கேட்கக் கத்தினேன். பக்கத்து உடுப்பு மாற்றும் அறையிலிருந்து, கையில் தேநீர்க் குவளையோடு, வெறுந்தலையாக ஒட்வார் எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தடியில் தொங்கிய தொப்பியைப் பார்த்தார். நான் ஓடி வந்த அவசரத்தில் ஆவென்று திறந்து கிடந்த சவுனாக் கதவையும் பார்த்தார்.

"தொப்பி முழுகும்போது கழன்றது, தானாகக் காயும். கதவை மூடும்."

பேர்கனிலிருந்து வந்த அக்கா

ஐப்பசி விடுமுறைக்குப் பேர்கன் நகரத்திலிருந்து செல்வி அக்கா வந்தார். அங்கே ஆஸ்பத்திரியில் தாதி. ஒஸ்லோவில் படிக்கிற மகள் ஆரணிதான் அவரை இழுத்து வந்திருந்தாள். அக்காவின் முதல் கேள்வி சூடு பற்றியதல்ல, குளிர் பற்றியதுமல்ல. "தம்பி, இஞ்சை தமிழ் ஆக்கள் ஆரும் வாறவையோ?" காற்சட்டைக்கு மேல் நீளக் கை ரீசேட், அதற்கு மேல் துவாய், துவாய்க்கு மேல் இன்னொரு துவாய் என்று அவர் உள்ளே வந்தபோது, சவுனாவுக்கு முன்பே பாதி அவிந்துபோயிருந்தார்.

ஆரணி இறங்கி நீந்தப் போய்விட்டாள். நான் வழக்கம்போலக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். கதவுச் சத்தம் கேட்டதும் அக்கா திடுக்கிட்டுத் துவாயைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். யாரோ தமிழ் ஆள் வந்துவிட்டாராக்கும் என்று பயம். "ஏன் தம்பி சும்மா சும்மா திறக்கிறியள்?" என்று சினந்தார். பிள்ளையைப் பார்க்கிறேன் என்றேன். "அவள் நல்லா நீந்துவாள். நோர்வேப் பிள்ளையளோடை ஸ்கூலிலை பழகினவள்" என்றார். துவாயை மடித்தார், விரித்தார். "தூரத்துக்குப் போயிட்டாளோ?" என்றார். இன்னும் கொஞ்சம் கழித்து, "ஒருக்கா எட்டிப் பாருங்கோவன்" என்றார். நான் எழும்புவதற்குள் தானே போய்க் கதவைத் திறந்தார். அதற்குப் பிறகு அந்தக் கதவு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து பட்ட பாடு சொல்ல முடியாது. பார்க்கப் போனவர் துவாய்களையும் வீசிவிட்டுத் தானும் கடலில் இறங்கி, சின்னப் பிள்ளைபோல் கீச்சிட்டுக்கொண்டு ஏறி வந்தார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. வெளிக்கிடும்போது, நல்ல காலம் தமிழர் ஒருவரும் காணவில்லை என்று ஆறுதல் பட்டார். "அப்ப நான் ஆரக்கா?" என்று கேட்டேன்.

"நீங்கள் இஞ்சை வேலை செய்யிற ஆள்தானே தம்பி, உங்களைக் கணக்கிலை எடுக்கேலாது."

இங்கெர் உள்ளே வந்து இருந்த நாள்

என் ஆறு மாதம் முடிகிற கிழமையில், காலை முதல் சுற்றுக்கு இங்கெர் நீச்சல் உடையோடு வந்தார். "இன்று நானும் வாடிக்கையாளர்" என்றார். எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அன்று வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது வாணி என் இரண்டு கையையும் பிடித்து, "இந்தக் கை இண்டைக்குக் கதவிலை படக் கூடாது" என்று சத்தியம் வாங்கியிருந்தாள். பகிடியாகத்தான் வாங்கினாள். ஆனால் அவள் கண்ணில் பகிடி இல்லை.

உள்ளே இங்கெர், ஒட்வார், இத்தாலியிலிருந்து வந்த ஒரு பயணி, நான். வெளியே சாம்பல் வானம், தண்ணீர் கையைக் கடிக்கிற குளிர். ஒட்வார் எழும்பி, தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டு வெளியே போனார். கதவு மூடியது. நான் இருந்தேன். ஒரு விறகு வைத்தேன். கல்லில் தண்ணீர் ஊற்றினேன். இங்கெர் கண்ணை மூடியிருந்தார். ஒட்வார் வழக்கமாகத் திரும்புகிற நேரம் வந்தது, போனது. யன்னலில் கடல் தெரிந்தது, ஒரு கப்பல் தெரிந்தது, ஏணி தெரியவில்லை. போன தரம் தேநீர் குடித்தவர்தானே, இன்றும் அப்படித்தான் என்று எனக்கு நானே சொன்னேன். கதவைத் திறந்தால் வேலை போகும், வேலை போனால் அந்த அலுமாரியும் சுவரும் வாணியின் முகமும். திறக்காவிட்டால்? அதை யோசித்து முடிக்க எனக்குப் பயமாக இருந்தது. வேர்வை கண்ணில் இறங்கியது. தொடையில் கையை வைத்து அமத்திக்கொண்டேன். கால் ஆடத் தொடங்கியது.

எழும்பிவிட்டேன். மன்னித்துக்கொள் வாணி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கதவைத் திறந்து வெளியே ஓடினேன்.

ஒட்வார் ஏணியில்தான் நின்றார். கடைசிப் படியில், இடுப்பளவு தண்ணீரில், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி. உதடு நீலம் பாரித்திருந்தது. கால் பிடித்துவிட்டதா, ஏற முடியவில்லையா என்று பதறிக்கொண்டு கையை நீட்டினேன். அவர் என் கையைத் தொடவில்லை. பள்ளிக்குப் பிந்தி வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இன்று ஏன் இவ்வளவு பிந்தினீர்? நீர் கதவைத் திறந்த பிறகுதான் நான் கையை விடுவேன்."

சொல்லிவிட்டுக் கையை விட்டார். தொப்பியோடு முழுகி எழும்பி, ஆறுதலாக ஏறி வந்தார். இத்தனை மாதமாக நான் அவருக்குத் தெரியாமல் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோ ஒவ்வொரு காலையும் அந்தக் கதவுச் சத்தத்துக்காகக் காத்து நின்றிருக்கிறார். திரும்பிப் பார்த்தால் வாசலில் துவாயைப் போர்த்துக்கொண்டு இங்கெர் நிற்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

"அப்படியென்றால், கதவைப் பற்றி என்னிடம் முறைப்பாடு சொன்னது நீங்கள்தானே?" என்று ஒட்வாரைக் கேட்டார். அவர் கொஞ்சமும் கூசவில்லை. "ஓம், நான்தான். அது உள்ளே இருக்கும்போது" என்றார்.

இங்கெர் ஏணியைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார், இரண்டுக்கும் நடுவில் இருந்த கம்பத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"வேலை உமக்குத்தான். அந்தக் கம்பத்தில் பஸ்ஸில் இருக்கிறது மாதிரி ஒரு கண்ணாடி பூட்டுவோம்; இனி நீர் சாரதி ஆசனத்தில் இருந்துகொண்டே பின்னால் பாரும்."

கண்ணாடி பூட்டியாயிற்று. யன்னலால் பார்த்தால் அதில் ஏணி தெரிகிறது. ஒட்வார் கடைசிப் படியில் நின்று கண்ணாடியைப் பார்த்துத் தலையாட்டுவார், நான் உள்ளேயிருந்து தலையாட்டுவேன், அதன் பிறகு கையை விடுவார். நிரந்தரம் கிடைத்த செய்தியைச் சொன்ன அன்று வாணி அடுப்பில் இருந்த சட்டியின் மூடியைத் தானே திறந்து, இந்தாருங்கோ பாருங்கோ என்று காட்டினாள். கதவு இப்போது ஒழுங்காக மூடிக் கிடக்கிறது. கண்ணாடியில் ஆவி படிந்திருக்குமோ என்று துடைத்துவிட்டு வரப் போகிற நேரங்களில் மட்டும் திறக்கிறேன். அது கொஞ்சம் அடிக்கடிதான்.

உள்ளே இருக்கிறவருக்குக் கதவு மூடியிருக்க வேண்டும், வெளியே நிற்கிறவருக்கு யாராவது திறக்க வேண்டும், இந்த இரண்டு பேரையும் வைத்துப் பிழைக்கிறவனுக்கு எத்தனை பலகை அடித்துப் போட்டாலும் இருக்க இடமில்லை.